தலையணை உறைக்குள்

கப்பல் புறப்படுவது நாளை, ஞாயிறு, நாலு மணிக்கு.
குசினி ஜன்னலில் எக்கி நின்று பார்த்தால்
ஃப்ரீமான்டில் கூரைகளுக்கு மேலே
அதன் புகைபோக்கி தெரிகிறது.
இரண்டு மைல்கூட இல்லை.
மறந்தால் ஓடிவந்து எடுக்கலாம் என்கிறார் இவர்.
அது பஸ் இல்லை என்கிறேன்.

கட்டிலில் வாய் பிளந்து கிடக்கிறது சூட்கேஸ்.
சாரங்கி ஃபோனில் பட்டியல் அனுப்பியிருக்கிறாள்:
இஸ்திரிப்பெட்டி கூடாது, கேத்தல் கூடாது,
மெழுகுதிரி கூடாது.
சாம்பிராணி பற்றி ஒன்றும் இல்லை.
கேட்டால் கூடாது என்பார்கள், கேட்கவில்லை.

விமானமென்றால் தராசு முடிவு சொல்லிவிடும்.
கப்பலில் எடைக் கட்டுப்பாடு இல்லையாம்.
அதுதான் சிக்கல்.

பதினோரு வருஷம்
சவுதாம்ப்டன் துறைமுகத்துப் பின்தெருவில்
கப்பல்களின் விரிப்புகளை உதறியவள் நான்.
ஞாயிறுதோறும் வண்டி வண்டியாக வந்திறங்கும்
இரண்டாயிரம் பேரின் பதினாலு இரவுத் தூக்கம்.
உதறினால் விழும்
ஒற்றைக் காலுறை,
காது கேட்கும் கருவி,
நோர்வேயில் வாங்கிய காந்தப் பொம்மை,
யாரோ கழற்றி வைத்த கீழ்வரிசைப் பல்.
ஒருமுறை கல்யாண மோதிரம் ஒன்று.
விழுந்ததா, விட்டதா என்று
டனூட்டாவும் நானும்
தேநீர் ஆறும்வரை வாதாடினோம்.

ஆகவே எது இல்லாமலும் வீடு திரும்பலாம் என்பது
எனக்குத் தெரியும்.
பல் இல்லாமலும்.

இவர் கோட்டை மடிக்கிறார், பிரிக்கிறார், மடிக்கிறார்.
சாரங்கியின் கலியாணத்துக்குத் தைத்தது.
பொத்தானும் துளையும் இப்போது
ஒன்றையொன்று முகம் பார்ப்பதில்லை.
இரண்டு இரவு
பெரிய உடுப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம்.
நீ என்ன கட்டப்போகிறாய்?

அரக்குப் பட்டுச்சேலையை எடுத்தேன்.
மணத்துக்கொண்டிருந்தது, பூச்சி உருண்டையும் வேறு ஏதோவும்.
ஆனால் அந்த மேசைவிரிப்புகளை எனக்குத் தெரியும்.
சிவப்பு வைன்,
மீன் வெண்ணெய்,
எந்தச் சோப்புக்கும் இரங்காத ஒரு மஞ்சள் சாஸ்.
பட்டு அலுமாரிக்கே போகட்டும்.
ஆயிரத்தைந்நூறு பேருக்கும் ஒரு அத்திலாந்திக்குக்கும்
பொலியெஸ்டர் போதும்.

மிளகாய்த்தூள், சின்ன டப்பா. அதில் விவாதம் இல்லை.
குமட்டலுக்கு மாத்திரை, மாத்திரையை நம்பாததால் இஞ்சி.
ஒரு மணிக்கூடு.
எங்கள் அறை மலிவானது, கப்பலின் வயிற்றுக்குள்,
ஜன்னல் கிடையாது.
விடிந்ததென்று யாராவது சொல்ல வேண்டும்.

சுடோக்கு புத்தகம் மூன்று வைத்தார்.
ஒன்றை எடுத்தேன். வைத்தார். எடுத்தேன்.
பதினாலு நாள் பேசாமலிருக்க
இரண்டு போதும் என்றேன்.
சிரித்தார்.
பிறகு, என்னைப் பாராமல்,
இரண்டாவதையும் எடுத்து
மேசையில் வைத்தார்.

அவர் குளிக்கப் போன நேரம்
காலுறைகளுக்கு நடுவே
எள்ளுருண்டைப் பக்கெட் ஒன்றைத் திணித்தேன்.
எங்களுக்கல்ல.
ஜனவரியில் என் முழங்கால் ஓய்வு கேட்டது,
கூடவே நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன்.
டனூட்டா இன்னும் அங்கேதான்.
தன் நாட்டிலும் எள்ளு மிட்டாய் உண்டு,
ஆனால் தட்டை என்பாள்;
உருட்ட ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பாள்.

கடைசிக் காலை
தலையணை உறைக்குள் போட்டு
வாயில் ஒரு முடிச்சுப் போடுவேன்.
எந்த வண்டியில் ஏறும், எந்த பெல்ட்டில் இறங்கும்,
யார் கை அவிழ்க்கும், தெரியாது.
யாரும் உதறாமல் அப்படியே மெஷினுக்குள் தள்ளினால்
எழுபது பாகையில் வெல்லம் கரைந்து
நாற்பது உறைகள் பழுப்பாகும்;
மேற்பார்வையாளர் என்னைத்தான் சபிப்பார்,
பெயர் தெரியாமலே.

ஞாயிறு என்றால் அவளுக்கு மூன்றாம் பெல்ட்.
அதை நம்பித்தான் எடுத்துப் போகிறேன்.

இவர் வந்துவிட்டார், தலை துவட்டியபடி.
நான் மூடிமேல் ஏறி உட்காருகிறேன்.
இழுங்கோ, என்கிறேன்,
ஸிப் பாதி வழியில்
பொலியெஸ்டரைக் கடிக்கிறது.